ஒப்புக்கொடுக்கும் ஞாயிறுக்கு முன்: எங்கள் சபைப் போதகருக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

எங்கள் போதகர் ஐயாவுக்கும் சபையின் மூப்பர்களுக்கும்,

வருகிற மாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிவில், பிள்ளைகள் எல்லாரும் தங்கள் வீடியோ கேம் பெட்டிகளையும் டிஸ்க்குகளையும் பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும், போனில் இருக்கும் கேம்களைச் சபை பார்க்க அழிக்க வேண்டும் என்று போன வாரம் அறிவித்தீர்கள். அப்படிச் செய்யாத பிள்ளைகளுக்கு வாலிபர் கூட்டத்திலும் பாடகர் குழுவிலும் இனி பொறுப்பு கிடையாது என்றும் சொன்னீர்கள். இதற்கு நான் உடன்படவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அன்றைக்கு ஆராதனைக்கு வருவார்கள், வெறுங்கையோடு வருவார்கள். இதை உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன வருடம் தனியாகத்தான் சொன்னேன். "ஜெபிக்கிறோம் பிரதர்" என்றீர்கள், அதோடு முடிந்தது. அதனால்தான் இந்த முறை எல்லார் பார்வைக்கும் எழுதுகிறேன்.

முதலில் என் பங்கை ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

போன வருட உறுதிமொழி அட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "என் வீட்டில் வீடியோ கேம் இராது" என்று ஒரே வரி, கீழே தகப்பனும் தாயும் பிள்ளைகளும் கையெழுத்துப் போட இடம். 11 வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன் என்பதால் அந்த அட்டைகளை வரிசை வரிசையாகக் கொடுத்தது நான்தான். முதலில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்ததும் நான்தான். அன்று சாயங்காலமே டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டியைக் கழற்றினேன். என் மகனுக்கு அப்போது 13 வயது. அழவில்லை, சண்டை போடவில்லை. நான் கன்ட்ரோலர் வயரைக் கண்டபடி சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன், கிட்டே வந்து வாங்கினான். தளர்வாக வட்டமாகச் சுற்றி நுனியைச் செருகிக் கையில் கொடுத்தான். "நீங்க மடிக்கிற மாதிரி மடிச்சா உள்ள கம்பி ஒடஞ்சிரும்பா" என்றான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதைக் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து அப்படியே சொன்னேன். சபையே கை தட்டியது. அவன் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. வகுப்புத் தோழன் ஒருவன் வேண்டாம் என்று போட்டிருந்த பழைய போன் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. திரையில் ஒரு மூலை உடைந்த போன். அதை மகன் வைத்திருந்தான், 10 வயது மகளும் பங்கு கேட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தார்கள். மகள் ஒரு விளையாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்கினாள். உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்தால் அது பெற்றோரின் மின்னஞ்சலைக் கேட்கும். அதனால் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டாள். அந்தத் தளத்தின் பார்வையில் அவள் 21 வயதுப் பெண் ஆகிவிட்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஐயா. இந்தக் காலத்துக் கேம்களில் பிள்ளைகளுக்கான பூட்டுகள் நிறையவே இருக்கின்றன. அந்நியர் அனுப்பும் செய்தியைத் தடுக்கலாம், கெட்ட வார்த்தையை வடிகட்டலாம், காசு செலவழிப்பதற்கு வரம்பு வைக்கலாம், எத்தனை மணி நேரம் விளையாடினார்கள் என்று பெற்றோர் தங்கள் போனிலேயே பார்க்கலாம். இவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஆணியில்தான் தொங்குகின்றன: கணக்கில் இருக்கும் வயது உண்மையாக இருக்க வேண்டும், பெற்றோருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நாம் போட்ட தடை அந்த ஆணியைத்தான் பிடுங்கியது. மறைத்து விளையாடுகிற பிள்ளை வயதைப் பொய் சொல்லும். வயதைப் பொய் சொன்ன பிள்ளைக்கு எந்தப் பூட்டும் இல்லை.

அந்தத் தளத்தில் ஒரு "அக்கா" அவளோடு பேச ஆரம்பித்தாள். அக்காவோ யாரோ. விளையாட்டுக்குள் சின்னச் சின்னப் பரிசுகள் வந்தன. எந்தக் கிளாஸ் என்று கேள்வி வந்தது. அப்புறம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அப்பா எத்தனை மணிக்கு வருவார் என்று. அப்புறம் "இங்க வேண்டாம், வேற ஆப்ல பேசலாம்" என்று. மகள் பயந்து அண்ணனிடம் சொன்னாள். அவன் பிளாக் செய்யச் சொன்னான், செய்தாள். வேறு பெயரில் திரும்ப வந்தது. 5 வாரம் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பயத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் வரிசையாக உட்கார்ந்து வசனம் சொன்னார்கள். ஒரு நாள் ராத்திரி என் மனைவியின் போன் அதிர்ந்த சத்தத்துக்கே மகள் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்தாள். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குமேல் கெடுதல் எதுவும் நடக்கவில்லை. அது கர்த்தருடைய கிருபை. எங்கள் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை.

மகனிடம் கேட்டேன், ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று. அவன் யோசிக்கவே இல்லை. பதிலைப் பல நாளாக வைத்திருந்தவன் மாதிரி சொன்னான். "சொன்னா அட்டைய மீறினத ஒத்துக்கணும். நீங்க சபைல சாட்சி வேற சொல்லிட்டீங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். தன் தங்கைக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஒரு பையன் தகப்பனிடம் வரவில்லை. பயந்தான் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் பெயர் சபையில் கெட்டுப்போகக் கூடாது என்று பார்த்திருக்கிறான். அவனை அந்த இடத்தில் நிறுத்தியது நானும் நீங்களும்.

அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பரணில் இருந்த பெட்டியை இறக்கி மாட்டிவிட்டு, "எனக்குச் சொல்லிக்கொடு" என்று மகன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் நம்பவில்லை. இது ஏதோ புது விசாரணை என்று நினைத்துவிட்டான். முதல் அரை மணி நேரம் முதுகை நிமிர்த்தி, ஆசிரியர் முன்னால் உட்காருவது போல உட்கார்ந்திருந்தான்.

மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. 2011-ல் வெளிவந்தது, 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, அதாவது நம் ஞாயிறு பள்ளியில் கை தூக்கச் சொன்னால் முக்கால்வாசிக் கைகள் உயரும். எல்லாமே கட்டை கட்டையாக இருக்கும் ஓர் உலகம். மரத்தை வெட்டலாம், மண்ணைத் தோண்டலாம், வீடு கட்டலாம். கன்ட்ரோலரில் இடது குச்சி நடப்பதற்கு, வலது குச்சி பார்ப்பதற்கு. என் கைக்கு அது பிடிபடவே இல்லை. பத்து நிமிடம் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒரு குழிக்குள் விழுந்தேன். என் மகனுக்குப் பொறுமையே கிடையாது என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நாலு தடவை அதே வலது குச்சியை, குரல் ஏறாமல், என் கட்டைவிரலைப் பிடித்து வைத்துக் காட்டிக்கொடுத்தான். அவனுக்கு நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது என் குரல் எப்படி இருக்கும் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. நல்லவேளை, குழிக்குள் இருட்டாக இருந்தது.

அந்த உலகத்தில் பொழுது சாய்ந்தால் ஜோம்பிகள், அதாவது நடமாடும் பிணங்கள், வரும். இதைத்தான் நீங்கள் பிரசங்கத்தில் "பிசாசுகளோடு விளையாடுகிறார்கள்" என்றீர்கள். இரவைக் கழிக்க வழி, படுக்கை ஒன்று செய்து அதில் படுத்துவிடுவது. ஆனால் பல பேர் சேர்ந்து விளையாடும்போது ஒருவர் மட்டும் படுத்தால் இரவு நகராது. நான் என் கட்டிலைக் கண்டுபிடிக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மகளும் அவனும் அவரவர் கட்டிலில் படுத்துவிட்டார்கள். வெளியே கதவை இடிக்கிற சத்தம். "அப்பா, நீங்க படுத்தாதான் விடியும்!" என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள். மனைவி சமையலறையிலிருந்து என்ன ஆச்சோ என்று ஓடி வந்தாள். எங்கள் வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் சில விஷயங்கள் புரிந்தன. உதாரணத்துக்கு, சாப்பிடக் கூப்பிட்டால் வராத பிரச்சினை. உங்கள் வீட்டிலும் இருக்கும். "உடனே நிறுத்து" என்று கத்துவோம், "அஞ்சு நிமிஷம்" என்பான், அது அடங்காமை என்று முடிவு கட்டுவோம். தனியாக ஆடும் கேமை நடுவில் நிறுத்திவைக்கலாம். இணையத்தில் மற்றவர்களோடு ஆடும் ஆட்டத்தை அப்படி நிறுத்த முடியாது. ஃபோர்ட்நைட் மாதிரி 100 பேர் ஒரே நேரத்தில் இறங்கும் ஆட்டத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 20 நிமிடம் போகும். நடுவில் எழுந்து வந்தால் கூட ஆடும் நண்பன் தனியாக மாட்டிக்கொள்வான். ஃபுட்பால் ஆடிக்கொண்டிருக்கும் பையனைக் காதைப் பிடித்து மைதானத்திலிருந்து இழுத்து வருவதற்குச் சமம். இது தெரிந்த பிறகு நான் கூப்பிடும் முறையை மாற்றினேன். "இந்த ரவுண்டு முடிஞ்சதும் வா, அடுத்தது ஆரம்பிக்காதே." வருகிறான். எல்லா நாளும் இல்லை, பெரும்பாலும் வருகிறான்.

பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று மூப்பர்களில் சிலர் நினைப்பீர்கள். இல்லை. கேம் பெட்டி ஹாலில்தான் இருக்கிறது, படுக்கையறைக்குள் எந்தத் திரையும் போவதில்லை. மகளுக்கு உண்மையான வயதில் புதுக் கணக்கு, அதன் சாவி என் மனைவியிடம். போன மாதம் மகன் ஒரு கேம் கேட்டான். அதன் மேலுறையில் 18 வயது என்று போட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லும் முன் அதை யாரோ ஆடிக் காட்டும் வீடியோவை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். எந்தக் காட்சி எனக்கு ஒப்பவில்லை, ஏன் என்று சொன்னேன். கிடையாது என்றேன். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் மறைத்து வாங்கவில்லை. பார்க்காமலேயே மறுத்த காலத்தில் இந்த வித்தியாசம் கிடையாது.

அந்த 18 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், நம் கமிட்டியில் யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. 1993-ல் அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை பற்றி விசாரணை நடந்தது. அதைத் தொடர்ந்து 1994-ல் இஎஸ்ஆர்பி என்ற தரக்குறியீட்டு அமைப்பு அங்கே வந்தது. ஐரோப்பாவில் 2003-ல் பெகி என்ற அதே மாதிரி அமைப்பு வந்தது. 3, 7, 12, 16, 18 என்று வயதைப் போடுவார்கள், வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம், பயமுறுத்தல் இவற்றில் எது இருக்கிறது என்று சின்னப் படமும் போடுவார்கள். மைன்கிராஃப்ட்டுக்கு 7. நீங்கள் பிசாசு விளையாட்டு என்று சொன்னது அதைத்தான். 18 போட்ட கேம்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதால் பிள்ளைகள் நீங்கள் சொன்ன எதையும் நம்பவில்லை. அவர்களுக்குத் தெரியும் எது எது என்று.

கேம் ஆடுகிறவன் கொலைகாரன் ஆவான் என்றும் சொன்னீர்கள். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் இதைப் பற்றித் தீர்மானமே போட்டது. வன்முறை கேம்களுக்கும் நிஜ வன்முறைச் செயலுக்கும் தொடர்பு சொல்லப் போதிய சான்று இல்லை, கத்துவது, தள்ளுவது போன்ற சின்ன ஆவேசங்களோடு சிறிய தொடர்பு உண்டு. அவ்வளவுதான் அதில் இருக்கிறது. கத்துவதை நானே பார்த்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

அடிமைத்தனம் என்ற வார்த்தையைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு இருக்கிறது. கட்டுப்பாடு கை மீறிப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியம் ஆகிவிடுவது, வாழ்க்கை கெடுகிறது என்று தெரிந்தும் விடாமல் தொடர்வது, இந்த நிலை வழக்கமாக 12 மாதமாவது நீடிப்பது. நம் சபையில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான், யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்கு ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். அவன் கேம் பெட்டியைப் பீடத்தில் வைப்பதால் அவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது? அவன் தாய் இன்னும் ஒரு முறை எல்லார் முன்னாலும் தலை குனிவாள்.

நீங்கள் பிரசங்கம் செய்திருக்க வேண்டியது வேறு ஒன்று. லாட்டரிச் சீட்டைப் பற்றி எத்தனை முறை எச்சரித்திருக்கிறீர்கள்! அந்த லாட்டரி இப்போது கேமுக்குள் உட்கார்ந்திருக்கிறது. லூட் பாக்ஸ் என்பார்கள். காசு கொடுத்து ஒரு மூடிய பெட்டியை வாங்க வேண்டும், உள்ளே என்ன வரும் என்று திறக்கும் வரை தெரியாது. நல்லது வரவில்லை என்றால் இன்னொரு பெட்டி. பெல்ஜியம் 2018-ல் காசுக்கு விற்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் தன் சட்டப்படி சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. 2022-ல் ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது. பிள்ளைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறியது, வேண்டாத பொருளைத் தவறுதலாக வாங்க வைக்கும்படி பொத்தான்களை அமைத்தது என்று குற்றச்சாட்டு. சிறுவர்களுக்கும் அந்நியர்களோடு பேசும் வசதி தானாகவே திறந்திருந்தது என்பதும் அதில் ஒன்று. பிள்ளைகளின் ஆசையைக் காசாக்குகிற பெரியவர்களைப் பற்றி ஏழைகளை ஏமாற்றினவர்களைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசியின் தொனியில் ஒரு பிரசங்கம் செய்ய இதைவிட என்ன வேண்டும்? நீங்கள் ஏமாற்றுகிறவர்களை விட்டுவிட்டு, ஏமாற்றப்படுகிற பிள்ளையைப் பீடத்துக்கு வரச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சபையில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ரையான் கிரீன், ஏமி கிரீன் என்று ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவத் தம்பதி. அவர்கள் மகன் ஜோயலுக்கு ஒரு வயதில் புற்றுநோய் என்று தெரிந்தது. 2014-ல், 5 வயதில் இறந்துபோனான். அவனோடு வாழ்ந்த அந்த வருடங்களை அவர்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வீடியோ கேமாகச் செய்தார்கள். பெயர் தட் டிராகன், கேன்சர். 2016-ல் வந்தது. ஜெயிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓர் இரவுக் காட்சி உண்டு. மருத்துவமனை அறையில் குழந்தை அழுகிறான், தகப்பன் தனியாக இருக்கிறார். நாம் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அழுகை நிற்காது. தூக்கலாம், நடக்கலாம், குடிக்கக் கொடுக்கலாம், எதுவும் பலிக்காது. அந்தத் தகப்பன் நிஜமாகவே கழித்த ஓர் இரவு அது. கடைசியில் அவர் ஜெபிக்கிறார்.

இதை மகனோடு சேர்ந்து ஆடினேன். என் கையில்தான் கன்ட்ரோலர் இருந்தது. முடிந்ததும் வெகு நேரம் அவன் எதுவும் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அவங்க அவ்ளோ ஜெபம் பண்ணாங்களே, ஏம்பா கேக்கல?" இரண்டு வருடத்தில் தேவனைப் பற்றி அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. 11 வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவனுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லைடா என்றேன். பிறகு இரண்டு பேரும் லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுததைப் பற்றிப் பேசினோம். நான் தொடங்கவில்லை, அவன்தான் தொடங்கினான். கன்ட்ரோலர் என் மடியிலேயே கிடந்தது. பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, மறுநாள் பள்ளிக்கூடம். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

நம் பாட்டன்மார் காலத்தில் சினிமாவுக்குப் போனவனைச் சபையில் ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்புறம் தொலைக்காட்சி சாத்தானின் பெட்டி ஆனது. இன்றைக்கு நம் ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போகிறது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திங்கள்கிழமை நீங்களே எண்ணிச் சொல்கிறீர்கள். உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, எனக்கும் அந்த எண்ணைக் கேட்கப் பிடிக்கும்.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகள் 18-ல் இருக்கிறது. உங்களிடம்தான் மனப்பாடம் செய்தேன். பவுல் அத்தேனேயில் பேச எழும்பும் முன் ஊரைச் சுற்றித் திரிந்தார், அவர்கள் பலிபீடங்களைக் கவனித்துப் பார்த்தார், ஒன்றில் எழுதியிருந்ததைப் படித்தார். விக்கிரகங்களைப் பார்த்து ஆவியில் வைராக்கியம் அடைந்தவர்தான், ஆனாலும் பார்த்தார், படித்தார். பேச்சை அங்கிருந்துதான் தொடங்கினார். நம் கமிட்டியில் இந்த முடிவை எடுத்த ஏழு பேரில் ஒருவராவது ஒரு கேமை ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்தீர்களா? தங்கள் வீட்டுப் பிள்ளையிடம், பேரப் பிள்ளையிடம், "இதில் உனக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்டீர்களா? கொலோசெயருக்கு எழுதினதில் பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்றுதான் இருக்கிறது, அதுவும் பிதாக்களைப் பார்த்து.

இனி நான் கேட்பவை.

ஒப்புக்கொடுக்கும் ஞாயிறை நிறுத்துங்கள். தள்ளிவைப்பது போதாது. வரும் ஞாயிறு அறிவிப்பு நேரத்திலேயே, அறிவித்த அதே வாயால், இல்லை என்று சொல்லுங்கள். பாடகர் குழு, வாலிபர் கூட்டப் பொறுப்புகளுக்குக் கேமை நிபந்தனை ஆக்கியதையும் அதோடு எடுத்துவிடுங்கள். போன வருடம் வாங்கிய அட்டைகள் அலுவலக அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றைப் பெற்றோரிடம் திருப்பிக் கொடுங்கள். என்னுடையதை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன், அதில் என் பிள்ளைகளின் கையெழுத்தும் இருக்கிறது.

பிள்ளைகளை எந்தக் காரியத்துக்காகவும் சபைக்கு முன்னால் நிறுத்திப் பாவ அறிக்கை செய்ய வைப்பதில்லை என்று கமிட்டி எழுத்தில் முடிவெடுக்க வேண்டும். இது கேமுக்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும்.

ஒரு பிள்ளைக்கு இணையத்தில் மிரட்டலோ தவறான செய்தியோ வந்தால், எந்தத் தண்டனையும் இல்லாமல், விதியை மீறித்தான் அங்கே போனான் என்றாலும், வந்து சொல்வதற்குச் சபையில் இரண்டு பேரை நியமியுங்கள். ஒரு ஆண், ஒரு பெண். யாரிடம் புகார் கொடுப்பது, எதைப் பதிவாக எடுத்து வைப்பது, போனிலும் கேமிலும் எந்த செட்டிங்கை எப்படி மாற்றுவது என்று தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பெயருக்காக வயதில் மூத்தவர்களைப் போட்டுவிடாதீர்கள்.

அந்த ஞாயிறு மத்தியானம் சபை மண்டபத்தை இரண்டு மணி நேரத்துக்குக் கொடுங்கள். பெற்றோர் தங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். சொல்லிக்கொடுப்பது பிள்ளைகள், கற்றுக்கொள்வது நாம். வயதுக் குறியீடு, பெற்றோர் கட்டுப்பாடு, அரட்டை வசதியை மூடுவது, காசு வரம்பு, இவற்றை அரை மணி நேரத்தில் காட்டிக்கொடுக்க நான் தயார். டிவியும் நாலு கன்ட்ரோலரும் என் வீட்டிலிருந்து வரும். ஐயா, முதல் நாற்காலி உங்களுக்கு. வானத்தைப் பார்த்துக்கொண்டு குழிக்குள் விழுவீர்கள், பரவாயில்லை.

உதவி செய்ய என் மகனைக் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்றான், ஒரு நிபந்தனையோடு: முடிந்த பிறகு அவனை மேடைக்குக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்லக் கூடாது. நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுக்க வேண்டும், அவனிடமே, புதன்கிழமை கமிட்டிக்கு முன்னால்.

ஞாயிறு பள்ளியில் உங்களோடு ஊழியம் செய்யும்,
ஒரு தகப்பன்